பிரம்பைக் கீழே வைத்தாயிற்று, அந்த இடத்தில் எதை வைப்பது?

கரும்பலகை | அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, மதுரை மாவட்டம்

பள்ளியில் பிள்ளைகளை அடிக்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்த இந்த இழையைத் தொடங்கவில்லை. அடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியை 2003இல் திருத்தியபோதே அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே நாடு முழுவதற்கும் சொல்கிறது.

என் கேள்வி அதற்கு அடுத்தது. ஏழாம் வகுப்பு. சத்துணவு முடிந்து வரும் முதல் பிரிவேளை. நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், புழுக்கம். ஒருவன் முன்வரிசைப் பெண்ணின் சடையை இழுக்கிறான். அவள் திரும்பி நோட்டால் அடிக்கிறாள். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் பின்னக் கணக்கின் பாதியில் நிற்கிறேன். அந்த நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

பிரம்பு இருந்த காலத்தில் இதற்கு ஒரு விடை இருந்தது. தவறான விடை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விடை. அதை வாங்கிக்கொண்ட அரசு அந்த இடத்தில் வேறெதையும் எங்கள் கையில் கொடுக்கவில்லை. பயிற்சிகளில் "குழந்தைகளை அன்பாக அணுகுங்கள்" என்கிறார்கள். அன்பில்லாமலா இந்த வேலைக்கு வந்தோம்? எங்களுக்கு வேண்டியது செய்முறை. செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். வீட்டில் அடிக்காமல் பிள்ளை வளர்ப்பவர்களும் எழுதுங்கள்.

வைகைக்கரை | பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியிலேயே என் பதில் இருக்கிறது. விடை இருந்தது, பிடுங்கிவிட்டார்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று சொன்னவர்கள் பிள்ளைகளை வெறுத்தவர்களா? பெற்றோரே வந்து, "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா, தோலை உரித்துவிடுங்கள்" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள் இன்று மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் வந்து காலில் விழுகிறார்கள்.

2012இல் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். பயம் விட்டுப்போன இடத்தில் அதுதான் நடக்கும். கெட்ட நோக்கமில்லாமல் ஆசிரியர் தரும் சிறு தண்டனையைக் குற்றமாகக் கருத முடியாது என்று கேரள உயர் நீதிமன்றமே சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆசிரியரின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூழாங்கல் | குழந்தைகள் மனநல ஆலோசகர், கோயம்புத்தூர்

ஐயா சொல்வதில் ஒன்றை அப்படியே ஏற்கிறேன். அடித்தால் வகுப்பு உடனே அடங்கும். சிக்கலே அந்த உடனடி அமைதிதான். அடித்த கைக்கு அது கூலி. கூலி கிடைக்கும் வேலையை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

அடுத்த மாதம், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதைத்தான் ஆய்வாளர்கள் தேடினார்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. அவற்றில் இடம்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 1,61,000 பேர். பிரம்படியையும் பெல்ட் அடியையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. திறந்த கையால் பின்புறத்திலோ கைகால்களிலோ போடுகிற அடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் யாரும் அதை அடி என்றே சொல்லமாட்டார்கள். அதற்கே பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன, பெற்றோருடன் உறவு சீர்கெட்டிருந்தது. நாளடைவில் நடத்தை சீரானதற்கு அந்த ஆய்வில் சான்று எதுவும் கிடைக்கவில்லை. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்கும், அதனால் வந்த தொடர்பு இது என்று வாதிடலாம். ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் அதையும் சோதித்தன. தொடக்கத்தில் இருந்த முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அடி வாங்கியவர்களிடம் அது பின்னாளில் கூடியிருந்தது.

உங்கள் பழைய மாணவர்கள் காலில் விழுவது நீங்கள் கற்றுக்கொடுத்த பாடத்துக்காக ஐயா. அடி தாங்காமல் பாதியில் நின்றவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களை நாம் எண்ணுவதும் இல்லை. 2012 கொலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் ஒரு பிள்ளை அந்த அளவுக்குப் போவதற்கு முன் கவனித்துக் கைகொடுக்கப் பள்ளியில் ஆள் வேண்டும் என்றுதான் அதிலிருந்து நான் படிக்கிறேன்.

இதெல்லாம் வசதியான நாடுகளின் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் மட்டும் 18 மாதங்கள் ஒரு திட்டத்தை நடத்தினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து விதி வகுப்பது, அடிக்குப் பதிலான வழிகளை ஆசிரியர்களுக்கே பயிற்றுவிப்பது, பிள்ளைகளின் குரலைக் கேட்கக் குழுக்கள் அமைப்பது. முடிவு 2015இல் வெளியானது. கடந்த ஒரு வாரத்தில் பள்ளிப் பணியாளரிடம் அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் மற்றப் பள்ளிகளில் 48.7 சதவீதம், திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதம். முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த, பணமில்லாத பள்ளிகளில் இவ்வளவு குறைந்தது.

கடைசிவரிசை | தொடக்கப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

கரும்பலகை அக்கா கேட்டது செய்முறை. அதற்கு வருகிறேன். அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியது நிறைய.

சடை இழுபட்ட அந்த நொடியில் பேச்சை நிறுத்துவேன். குரலை உயர்த்தமாட்டேன், நாற்பது குரல்களை ஒரு குரலால் வெல்ல முடியாது. கையை உயர்த்துவேன். ஆசிரியர் கை உயர்ந்தால் பார்த்தவர்களும் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது ஜூன் மாதமே பழக்கி வைத்தது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அது தானாகப் பரவும். பிறகு நடந்துபோய் அந்த இருவருக்கு அருகில் நின்றபடியே கணக்கைத் தொடர்வேன். பையனின் நோட்டில் விரலை வைத்து, "இந்த வரியை முடி, வந்து பார்க்கிறேன்" என்பேன். அந்தப் பெண்ணிடம், "வலித்ததா? இடைவேளையில் பேசுவோம், விட்டுவிடமாட்டேன்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வேன். இது முக்கியம். பாதிக்கப்பட்டவளுக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் அவள் நோட்டைத் தூக்கமாட்டாள்.

"ஏன் இழுத்தாய்?" என்று அப்போது கேட்பதில்லை. ஊர் பார்க்கக் கேட்கும் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. ஒன்று பொய் வரும், இல்லையென்றால் எதிர்ப்பேச்சு வரும். இடைவேளையில், வராந்தாவில், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பேன். நடந்தது என்ன, அவளுக்கு எப்படி இருந்திருக்கும், சரிசெய்ய நீ என்ன செய்யப்போகிறாய். கேள்வி இந்த மூன்றுதான். மூன்றாவதற்கு அவனே விடை சொல்ல வேண்டும். பல நேரங்களில் பிள்ளைகள் நாம் விதிப்பதைவிடக் கடுமையாகத் தங்களுக்கு விதித்துக்கொள்வார்கள், நாம்தான் குறைத்துவிட வேண்டியிருக்கும்.

இனி ஜூன் மாத வேலை. விதிகள் நான்குக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளே சொல்லி நாம் சார்ட் தாளில் எழுத வேண்டும். "கத்தாதே" என்று எழுதினால் என்ன செய்வது என்று தெரியாது. "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்" என்று எழுதினால் தெரியும். சாப்பாட்டுக்குப் பின் நேராகக் கணக்கைத் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்து, முகம் கழுவி வந்து, ஐந்து நிமிடம் அவரவர் விரும்பிய புத்தகத்தை மௌனமாகப் படிக்கட்டும். வம்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு விளையாட்டையும் சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்து எழுதியது, இன்று பல நாடுகளில் நடப்பில் இருக்கிறது. வகுப்பை அணிகளாகப் பிரிக்க வேண்டும். நான் வைகை, பாலாறு, பொருநை என்று பெயர் வைத்திருக்கிறேன். இருபது நிமிடம் ஆட்டம், பாடம் வழக்கம்போல நடக்கும். விதி மீறினால் அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு, திட்டு கிடையாது. நான்கு கோட்டுக்குள் முடித்த எல்லா அணிகளுக்கும் வெற்றி. பரிசு மைதானத்தில் கூடுதலாகப் பத்து நிமிடம், பைசா செலவில்லை. ஒரு பிள்ளை வேண்டுமென்றே அணியைத் தோற்கடித்தால் மற்றவர்கள் அவன்மேல் பாய்வார்கள், இடைவேளையில் அடியும் விழும். அதற்கு வழி விடாமல் அவனைத் தனி அணியாக்கிவிட வேண்டும். முதன்முதலில் செய்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்து இதையேதான் செய்தார்கள்.

கடைசியாக, பாராட்டு. "குட்" என்பது காற்றோடு போய்விடும். "விடை தெரிந்தும் கை உயர்த்திக் காத்திருந்தாய், கவனித்தேன்" என்றால் நாளையும் காத்திருப்பான். தினமும் வம்பு செய்பவனிடம் காலை வணக்கம் முடிந்ததுமே போய் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். அவனுக்கு வேண்டிய கவனம் வம்பு இல்லாமலே கிடைத்துவிடும்.

பின்னலாடை | திருப்பூர்

நான் ஆசிரியை இல்லை. பனியன் கம்பெனியில் வேலை, இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன். பையனுக்கு ஒன்பது வயது. கையில் எப்போதும் செல்போன். வை என்றால் வைக்கமாட்டான். பிடுங்கினால் தரையில் புரண்டு கத்துவான். லைன் வீட்டில் ஒற்றை அறை, பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள். அவன் அப்பா லாரியில் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். அந்த நேரத்தில் கை ஓங்காமல் நான் என்ன செய்வது? அணி, கோடு எல்லாம் பள்ளிக்குச் சரி.

கூழாங்கல்

அக்கா, நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, அதற்கே உங்களை வணங்க வேண்டும்.

போன் சண்டையைப் போன் கையில் இருக்கும்போது தீர்க்க முடியாது. விடுமுறை நாளில், அவன் வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மணிக்கு வைப்பது, எங்கே வைப்பது என்று அவனே சொல்லட்டும். இடம் ஒன்று நிச்சயமாக வேண்டும், அரிசி டின்னின் மேல் என்றால் அரிசி டின்னின் மேல். போனை அவன் கையாலேயே அங்கே வைக்க வேண்டும், நீங்கள் பிடுங்கக் கூடாது.

வேலை முடிந்து வந்ததும் "வை" என்று தொடங்காதீர்கள். இரண்டு நிமிடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். "இது யார்? எதற்கு ஓடுகிறான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு, "இந்த ஆட்டம் முடிந்ததும் டின்னுக்குப் போகும்" என்று சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்கே ஆத்திரம் வரும். வைத்தவுடன் அவனுக்காக ஒன்று காத்திருக்க வேண்டும். உங்களோடு சேர்ந்து தோசை வார்ப்பது, அப்பாவிடம் போனில் பேசுவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அங்கே வெற்றிடம் இருந்தால் போன் திரும்பி வந்துவிடும்.

புரண்டு கத்தினால் பேச வேண்டாம், விளக்க வேண்டாம், போனைத் திருப்பித் தரவும் வேண்டாம். தலை இடிக்காத இடமா என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். முதல் சில நாட்கள் கத்தல் கூடும். இதுவரை பலித்த வழி பலிக்காமல் போகும்போது பிள்ளைகள் இன்னும் பலமாக முயல்வார்கள். அங்கேதான் பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கிறார்கள், அல்லது அடித்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே, "ஒரு வாரம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவையுங்கள். உங்கள் கை பரபரத்தால் அவனிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அம்மாவுக்குக் கோபம் வருகிறது, முகம் கழுவிவிட்டு வருகிறேன்." கோபத்தை என்ன செய்வது என்று அவன் உங்களைப் பார்த்துத்தான் கற்பான்.

இன்று வைக்கவில்லையா, நாளைக்கு அரை மணி குறையும். அவ்வளவு போதும். ஒரு வாரம் போனே கிடையாது என்று சொன்னால் மூன்றாம் நாள் நீங்களே கொடுக்க வேண்டி வரும்.

பின்னலாடை

பக்கத்து வீட்டில் முன்பே சொல்லிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செய்கிறேன்.

ஊர்க்கிணறு | இரண்டு பிள்ளைகளின் தந்தை, சேலம்

அடி வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு. ஆனால் தோப்புக்கரணம் போடச் சொல்லலாமே? அது உடற்பயிற்சி, மூளைக்கும் நல்லது என்கிறார்கள். பிள்ளையார் முன்னால் நாமே போடுகிறோம்.

கடைசிவரிசை

பிள்ளையார் முன்னால் நாம் விரும்பிப் போடுகிறோம். விளையாட்டு வேளையில் எல்லோரும் போடட்டும், நானும் சேர்ந்து போடுகிறேன். வகுப்பு முழுவதும் பார்த்துச் சிரிக்க ஒருவன் மட்டும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தால் அது அவனை அவமானப்படுத்துவது. எண்ணிக்கை ஏற ஏற உடலுக்கும் ஆபத்து. முட்டி போடச் செய்வது, வெயிலில் நிறுத்துவது, மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைப்பது, சாதியையோ அப்பாவின் தொழிலையோ இழுத்துத் திட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். பிரம்பை ஒளித்துவைத்துவிட்டு நாக்கை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன், மனம் கொதிக்கிறது.

எழுத்தாணி | சிறப்பாசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

எந்தப் பிள்ளை அதிகம் அடி வாங்குகிறது என்று யாரும் கேட்கவில்லையே. என் வேலையில் தினமும் பார்ப்பது அதைத்தான்.

"எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை" என்று அனுப்பப்பட்ட ஒரு சிறுமி. முதுகுப் பக்கம் நின்று மெல்லக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து கூப்பிட்டேன், திரும்பினாள். இடக் காதில் நாள்பட்ட சீழ். வகுப்பில் அவளுக்கு இடம் வலது சுவரோரம், அதாவது ஆசிரியரின் குரல் முழுவதும் கேட்காத காதின் பக்கம் வந்துகொண்டிருந்தது. இடத்தை மாற்றி, மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவள் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்ற பெயர் அந்தப் பருவத்திலேயே மறைந்தது.

கரும்பலகை தெரியாத கண், எழுத்துகள் பிடிபடாத டிஸ்லெக்சியா, ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக்குறைவு, காலையில் சாப்பிடாத வயிறு, இரவெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொண்டு தூங்காத கண்கள். இவை அனைத்தும் வகுப்பறையில் "திமிர்" போலவும் "சோம்பேறித்தனம்" போலவும் தெரியும். அடித்தால் கண் தெரியுமா, காது கேட்குமா? ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே தவறைச் செய்தால் முதலில் நான்கடி தள்ளி நின்று எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பின்னால் நின்று பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரைத் தனியாகக் கொடுங்கள். டிஸ்லெக்சியா சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். இது தெரியாமல் எத்தனை பேர் எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனார்கள்!

பனங்காடு | ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. அது வந்த பிறகும் பிரம்பு ஓயவில்லை. தண்டிக்கும் உரிமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு என்ற வாசகம் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. கேட்டால் அதைக் காட்டுவார்கள்.

2021 பெப்ரவரியில் எங்கள் உயர் நீதிமன்றம், அதாவது நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ஓர் அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்பளித்தது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்டது. சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரான அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று சொல்லி, ஆசிரியரும் அரசும் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. கன்னத்தில் அறைவதைச் சிறிய விசயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளங்கை காதை மூடியபடி விழுந்தால் உள்ளே அடைபடும் காற்றின் அழுத்தமே செவிப்பறையைக் கிழித்துவிடும். அதற்குப் பெரிய பலம் தேவையில்லை.

போரைக் கண்ட தலைமுறை நாங்கள். திடீரென உயரும் குரலுக்கே உடல் நடுங்குகிறவர்கள் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள், ஆசிரியர்களிலும் இருக்கிறார்கள். இங்கே ஆசிரியருக்கு முதலில் வேண்டியது தன்னை ஆற்றிக்கொள்ள ஓர் இடம். எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறினால் பக்கத்து வகுப்பு ரீச்சருக்கு ஒரு பிள்ளையிடம் டஸ்டரைக் கொடுத்தனுப்புவேன். அவர் வந்து என் வகுப்பில் நிற்பார். நான் கிணற்றடிக்குப் போய் வருவேன். அதிபரும் இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார். காரணம் யாரும் கேட்பதில்லை.

கரும்பலகை

அந்த டஸ்டர் ஏற்பாட்டை நாளைக்கே எங்கள் பள்ளியில் பேசுகிறேன். ஆசிரியரின் கோபத்துக்கு ஒரு வழி வைத்திருக்கும் பள்ளியைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

செம்பனை | ஈப்போ, மலேசியா

எங்கள் நாட்டில் சட்டமே இன்னும் அனுமதிக்கிறது. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி தலைமையாசிரியரோ அவருடைய அனுமதி பெற்றவரோ ஆண் மாணவர்களைப் பிரம்பால் அடிக்கலாம், மாணவிகளை அடிக்கக் கூடாது. மளிகைக் கடைகளில் வண்ணக் கைப்பிடி போட்ட பிரம்புகள் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பையன்களுக்கு மட்டும் அடி என்பதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது: வலியைத் தாங்குவதும் வலியைக் கொடுப்பதும் ஆண்களின் வேலை. அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவன் நாளை மனைவியிடம் எப்படி நடப்பான் என்று யோசிக்க வேண்டும்.

சட்டவாசல் | வழக்கறிஞர், தஞ்சாவூர்

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்கு மாநிலத்தின் 51ஆம் விதி இருக்கிறது. டெல்லிப் பள்ளி விதிகளில் இருந்த பிரம்படி அனுமதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று அறிவித்தது. குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் பள்ளிகளுக்கான வழிகாட்டு நெறிகளை 2012இல் வெளியிட்டது. அவற்றைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. வைகைக்கரை ஐயா குறிப்பிட்ட கேரளத் தீர்ப்புகள் ஆசிரியர்மேல் குற்ற வழக்கு நிற்குமா என்பதைப் பற்றியவை. குற்றமில்லை என்று விடப்பட்டாலும் துறை நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது, 17ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

வீடுதான் இடைவெளி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு கொடுமையைத் தண்டிக்கிறது, ஆனால் பெற்றோர் கையில் நடக்கும் அன்றாட அடியைத் தடுக்கும் வெளிப்படையான சட்டம் இந்தியாவில் இல்லை. நேபாளம் 2018இல் வீட்டையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. முதன்முதலில் செய்த நாடு சுவீடன், 1979. அந்தச் சட்டத்தில் தண்டனையே குறிப்பிடப்படவில்லை. பெற்றோரைச் சிறையில் தள்ள அவர்கள் விரும்பவில்லை. வீடுதோறும் கையேடு அனுப்பினார்கள், பால் அட்டைப்பெட்டிகளில் செய்தி அச்சிட்டார்கள், காலை உணவின்போது பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் படித்துப் பேசட்டும் என்று. நம் ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் இப்படி ஒன்றைச் செய்ய என்ன தடை?

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098. தமிழ்நாட்டுப் பள்ளி தொடர்பான புகார்களுக்கு 14417.

வைகைக்கரை

எழுத்தாணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். கண்ணும் காதும் பார்ப்பது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், ஆறாம் வகுப்புச் சிறுவனைக் கழிப்பறைக்குப் பின்னால் வைத்து அடித்துப் பணம் பறிக்கிறான். இவனிடமும் வராந்தாவில் மெல்லப் பேசுவீர்களா? அந்தச் சிறுவனின் தாய்க்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கூழாங்கல்

மிக நியாயமான கேள்வி ஐயா. மெல்லப் பேசுவது மட்டும் போதாது. அடிக்காமல் இருப்பதை, கண்டுகொள்ளாமல் இருப்பது என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

முதலில் அந்தச் சிறுவனின் பாதுகாப்பு. இடைவேளைகளில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், அன்றே. பெரியவனுக்கு இடைவேளை நேரம் மாறும், கண்பார்வையில் இருப்பான். பறித்த பணம் முழுவதும் திரும்ப வேண்டும். வீட்டில் வாங்கிக் கொடுத்துவிடுவது எளிது, அதனால் அவனே சம்பாதித்தோ சேமித்தோ கொடுக்கும்படி பெற்றோருடன் பேசி ஒரு காலக்கெடு வைக்க வேண்டும். பிறகு, சிறுவனும் அவன் தாயும் விரும்பினால் மட்டும், இரு குடும்பமும் தலைமையாசிரியரும் உட்காரும் ஒரு சந்திப்பு. சிறுவன் முதலில் பேசுவான்: எந்த வழியாக வீட்டுக்குப் போகப் பயந்தான், எத்தனை நாள் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கு வராமல் இருந்தான். பெரியவன் அதைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இளம் குற்றவாளிகளின் வழக்குகளிலேயே இப்படிக் குடும்பங்களைக் கூட்டிப் பேசுகிறார்கள், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி. ஐந்து பிரம்படி வாங்கிக்கொண்டு கையை உதறிவிட்டுப் போவதைவிட அப்படி உட்கார்ந்து கேட்பது எவ்வளவோ கடினம்.

அந்தப் பெரியவனை வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

வைகைக்கரை

தாய்க்குச் சொல்லப் பதில் இருக்கிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு தலைமையாசிரியர் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவாரா, சத்துணவைப் பார்ப்பாரா, இரண்டு குடும்பங்களை உட்கார வைத்துப் பேசுவாரா? ஆலோசகர் ஒருவரையாவது அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் தர வேண்டும். அதைக் கேட்டால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.

கரும்பலகை

ஐயா கேட்டது நியாயம், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். "தோலை உரித்துவிடுங்கள்" என்று நம்மிடம் சொல்பவர்களும் அவர்களே. அதனால் அங்கேயே பேசித் தீர்மானம் போடலாம் என்று இதை எழுதியிருக்கிறேன், திருத்தம் சொல்லுங்கள்:

"எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் யாரும் அடிப்பதில்லை. பெற்றோர் கேட்டுக்கொண்டாலும் அடிப்பதில்லை. ஒரு பிள்ளை தொடர்ந்து விதி மீறினால் முதலில் கண், காது, உணவு, தூக்கம் விசாரிக்கப்படும். பிறருக்குத் தீங்கு செய்த பிள்ளை அதைத் தானே சரிசெய்ய வேண்டும், பெற்றோர் அதற்குத் துணை நிற்போம். ஆசிரியர் ஒருவர் சிறிது நேரம் வகுப்பிலிருந்து விலக வேண்டியிருந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கு ஓர் ஆலோசகரை நியமிக்க அரசைக் கேட்டுக்கொள்கிறோம்."

சட்டவாசல்

முதல் வரியில் "அடிப்பதில்லை" என்பதோடு "அவமானப்படுத்துவதில்லை" என்பதையும் சேருங்கள். 17ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே தடை செய்கிறது. புகார் வந்தால் யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் என்று ஒரு வரியும் வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் எழுதிப் பெற்றோரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

பின்னலாடை

என் பையனின் பள்ளிக்கும் இதைக் கொண்டுபோகலாமா? ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தை வேலை நாளில் பகல் மூன்று மணிக்கு வைத்தால் என்னைப் போன்றவர்கள் வர முடியாது, ஒரு நாள் கூலி போய்விடும்.

கரும்பலகை

தாராளமாகக் கொண்டுபோங்கள் அம்மா. எங்கள் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றக் கேட்கிறேன். சட்டவாசல் சொன்ன இரண்டு திருத்தங்களையும் சேர்த்து, தலைமையாசிரியர் பார்த்த பிறகு முழு வடிவத்தை இங்கே இடுகிறேன்.